விலை பகர்தல் இழிவோ?

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு மாலைப் பொழுது. துறை அறையைப் பூட்டிக்கொண்டு புறப்படும் வேளையில் நம் பழைய மாணவர் ஒருவர் வந்து நின்றார். நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்றவர். படிக்கும் காலத்திலேயே ஒளிப்படக் கலையில் நாட்டங்கொண்டு, பட்டம் பெற்றபின் அதனையே வாழ்வுத் தொழிலாகக் கொண்டவர். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. தோளில் ஒரு பை, ஓர் இருசக்கர வண்டி, ஒரு கைப்பேசி, இவையே அவருடைய நிறுவனம். பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை, சேலையூர் முதல் மேடவாக்கம் வரை, அழைத்தவர் வீட்டு மணவிழாவுக்கும் கடைத்திறப்புக்கும் சென்று படமெடுத்துத் தருபவர்.

நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று வேண்டுமென்றார். துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாகவும், கேமராவை விற்றுவிட எண்ணியிருப்பதாகவும் சொன்னார். "வேலை கிடைக்கவில்லையா தம்பி?" என்று கேட்டோம். "வேலை இருக்கிறது ஐயா, வேலைக்கு விலைதான் இல்லை" என்றார்.

பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து நம் முன் வைத்தார். நாள், இடம், நிகழ்ச்சி, தொகை எனக் கட்டமிட்டு எழுதிய கணக்கு. ஒரு வரியில் குரோம்பேட்டை மண்டபமொன்றில் நடந்த நிக்காஹ். தொகை பேசும்போது வீட்டுப் பெரியவர், "நம்ம வீட்டு விசேஷம் தம்பி, நீங்க பார்த்துச் செய்யுங்க, நாங்களும் பார்த்துச் செய்றோம்" என்றாராம். படத்தொகுப்பைக் கையில் வாங்கியபின் அவர்கள் 'பார்த்துச் செய்தது' செலவில் பாதிக்கும் போதவில்லை. இன்னொரு வரியில் ஒரு கடைக்காரர். துண்டறிக்கைக்கென்று எடுப்பித்த படங்களைச் சாலையோர விளம்பரப் பலகை வரை பயன்படுத்திக்கொண்டு, "அதுதான் பணம் கொடுத்தாயிற்றே" என்று முடித்துவிட்டார்.

பக்கத்தைப் புரட்டினோம். அங்கே நம் துறையின் முத்தமிழ் விழா இருந்தது. இரண்டு நாள் நிகழ்ச்சி. தொகை எழுத வேண்டிய கட்டத்தில் 'பொன்னாடை' என்று எழுதியிருந்தார்.

அவர் அதனைக் குறை சொல்லும் எண்ணத்தோடு காட்டவில்லை. பக்கம் தற்செயலாகத் திரும்பியது. ஆயினும் அந்த ஒரு சொல் நம்மை உறங்கவிடவில்லை. பந்தல் போட்டவருக்குப் பணம் கொடுத்தோம். ஒலிபெருக்கிக்காரருக்குக் கொடுத்தோம். பிரியாணி ஆக்கிய பண்டாரிக்கு முன்பணமே கொடுத்தோம். படமெடுத்தவருக்கு மட்டும் மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்திக் கைதட்டி அனுப்பினோம். அவ்விழாவுக்காக அவர் ஒரு லென்ஸை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார் என்பதும் அக்குறிப்பேட்டிலிருந்தே நமக்குத் தெரியவந்தது.

எனவே இக்கட்டுரை பிறருக்கு அறிவுரை சொல்வதற்கு முன் நம் பிழையை ஒப்புக்கொண்டு தொடங்குகிறது. தனித்தொழில் செய்யும் ஒளிப்படக் கலைஞர் தம் உழைப்புக்கு என்ன விலை சொல்வது, எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள். விலையை முன்கூட்டியே, வெளிப்படையாக, எழுத்தில் சொல்லுதல் கலைஞனுக்கு இழிவன்று. சொல்லவிடாமல் செய்வதே வேலை கொடுப்போர்க்கு இழிவு என்பது நம் முடிபு.

பரிசிலும் கூலியும்

கலைஞன் விலை பேசலாமா என்னும் தயக்கம் தமிழ்நெஞ்சில் ஆழப் பதிந்த ஒன்று. நம் இலக்கிய மரபில் புலவன் பரிசில் பெற்றான்; கூலி பெற்றான் என்று சொன்னால் நாக்கு கூசுகிறது. வள்ளல் தன் மனம்போல் கொடுப்பான். புலவன் வாழ்த்திப் பெறுவான். இந்த மரபின் நிழலே இன்றும் திருமண மண்டபத்தில் படமெடுக்கும் இளைஞன்மேல் விழுகிறது. 'பார்த்துச் செய்கிறோம்' என்று சொல்லும் வீட்டுப் பெரியவர் தம்மையறியாமலே வள்ளலின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறார்.

ஆனால் அந்தப் பரிசில் வாழ்க்கையிலும் மானம் இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே பொருளை அனுப்பிவைத்தபோது, பெருஞ்சித்திரனார் அதனை ஏற்க மறுத்தார். தம் தகுதியை அறிந்து கொடுப்பதாயின் சிறிதளவும் போதும் என்னும் கருத்தமைய அவர் பாடியது புறநானூற்றின் 208ஆம் பாடல். தாம் பொருளுக்காக மட்டும் வந்த வாணிகர் அல்லர் என்பது புலவரின் வாதம்.

நம் ஒளிப்படக் கலைஞரோ வாணிகமும் செய்பவர். அதில் அவருக்கு நாணம் வேண்டியதில்லை, ஏனெனில் வாணிகத்துக்கும் நம் இலக்கியம் உயர்ந்த இலக்கணம் வகுத்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், வாங்கும்போது அளவுக்குமேல் வாங்காமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும், பண்டங்களை வெளிப்படப் பகர்ந்து விற்றனர் என்று பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். 'பகர்தல்' என்னும் சொல்லை மாணவர்கள் சற்று நினைந்து பார்க்க வேண்டும். அதற்குச் சொல்லுதல் என்றும் பொருள். விற்றல் என்றும் பொருள். விற்பவன் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்ற திருவள்ளுவரின் நெறி, விற்பவரோடு வாங்குபவரையும் சேர்த்தே கட்டுப்படுத்தும்.

சுருள் இருந்த காலம்

நம் இளமையில் ஒளிப்படத்துக்கு விலை பேசுவது இவ்வளவு இடர்ப்பாடாக இருக்கவில்லை. அக்காலத்தில் விலை ஒரு பொருளோடு ஒட்டியிருந்தது. பிலிம் சுருள் ஒன்றுக்கு 36 படங்கள். எத்தனை சுருள் என்று எண்ணலாம். எத்தனை பிரதி என்று எண்ணலாம். நெகட்டிவ் ஸ்டூடியோவிலேயே இருக்கும். கூடுதல் பிரதி வேண்டுவோர் மறுபடியும் அங்கேதான் போக வேண்டும். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் சுருள் தயாரித்த காலம் அது. சுருள் காசு கொடுத்து வாங்கும் பொருளாதலின், விசையை அழுத்தும் ஒவ்வொரு முறையும் செலவு என்பது வாடிக்கையாளருக்கும் தெரிந்திருந்தது.

எண்ணிம ஒளிப்படம் வந்தபின் சுருள் மறைந்தது. அதனோடு விலைக்குரிய கண்கண்ட சான்றும் மறைந்தது. ஆயிரம் படம் எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியும் செலவு ஏதுமில்லை. எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. அதில் படமெடுக்கக் காசு கேட்பாரில்லை. "பட்டனைத் தட்டுவதற்கு இவ்வளவா?" என்ற கேள்வி பிறந்தது இங்கேதான். உண்மையில் செலவு போய்விடவில்லை. பொருளிலிருந்து நீங்கி உழைப்புக்குள் புகுந்துகொண்டது.

இக்கலைக்கு விலை வைப்பது அதன் பிறப்பிலிருந்தே சிக்கலாகத்தான் இருந்திருக்கிறது. 1839இல் பிரெஞ்சு அரசு தாகேரின் ஒளிப்பட முறையை விலைக்கு வாங்கி உலகுக்கு அளித்தது. அதற்கு ஈடாகத் தாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், அவருடைய பங்காளியாயிருந்து மறைந்த நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் வாழ்நாள் ஓய்வூதியமாக வகுக்கப்பட்டன. அம்முறை வெளியிடப்பட்ட ஆகஸ்ட் 19ஆம் நாளே இன்று உலக ஒளிப்பட நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் சென்னை மாகாணத்தில் 1856இல் அரசு ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டவர் லின்னேயஸ் டிரைப். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டினை 21 படங்களாக எடுத்து ஒரே நீள்சுருளாக இணைத்து 1858இல் உருவாக்கியவர் அவர். தமிழ் பயில்வோர் அனைவரும் நன்றியுடன் நினைக்க வேண்டிய பணி அது. ஆயினும் 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் செலவு மிகுதியென்று கருதி அம்முயற்சியை நிறுத்திவிட்டார். படம் பிடித்திருந்தது; விலை பிடிக்கவில்லை. அன்று ஆளுநர் மாளிகையில் நடந்தது இன்று நம் மண்டபங்களில் நடக்கிறது.

கணக்கைக் கணக்காகப் பார்ப்போம்

'அந்தப் பையன் அதிகம் கேட்கிறான்' என்று சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நலம். கீழே வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நாம் கொண்டவை. ஒவ்வொருவரும் தத்தம் எண்களை இட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

கேமரா, லென்ஸுகள், மின்னொளி விளக்கு, கணினி ஆகியவற்றுக்கு 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். ஐந்தாண்டில் அவை தேய்ந்துபோகும் எனில், ஆண்டுக்கு 80,000 ரூபாயை அடுத்த கருவிக்காக எடுத்துவைக்க வேண்டும். பழுதுபார்த்தல், படங்களைச் சேமிக்கும் வட்டுகள், மென்பொருள் சந்தா, கைப்பேசி, பெட்ரோல் ஆகியவற்றுக்குத் திங்களுக்கு 10,000 என்றால் ஆண்டுக்கு 1,20,000. வீட்டு வாடகையும் உணவும் பிள்ளைகளின் படிப்பும் சேர்த்துக் குடும்பத்துக்குத் திங்களுக்கு 25,000 என்று மிகச் சிக்கனமாகக் கொண்டால் ஆண்டுக்கு 3,00,000. ஆகமொத்தம் 5,00,000 ரூபாய்.

இனி, இத்தொகையை எத்தனை நாள் உழைப்பில் ஈட்டுவது? ஆண்டுக்கு 365 நாள் இருக்கலாம். ஒளிப்படக் கலைஞருக்கு அத்தனை நாளும் கூலி இல்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்களின் மணவிழாக்கள் இல்லை. ரமளானில் நம் வீடுகளில் நிக்காஹ் நடப்பது அரிது. தவக்காலத்தில் கிறித்தவத் திருமணங்கள் நடப்பதில்லை. மூன்று சமயத்தாரும் கலந்து வாழும் தாம்பரம் பகுதியில் மூன்று சமயத்தாரின் ஓய்வுக் காலமும் இவருக்கு ஊதியமில்லாக் காலமே. மற்ற நாள்களிலும் முகூர்த்தமும் ஞாயிறுமே வேலை நாள்கள். ஒரே நாளில் நான்கு பேர் அழைப்பர், ஒருவரிடம்தான் போக முடியும். நன்றாக வேலை கிடைக்கும் ஒருவருக்கு ஆண்டில் 80 நாள் என்று கொள்வோம்.

5,00,000 ரூபாயை 80ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 6,250 ரூபாய். ஆல்பம் அச்சிடும் செலவும் உதவியாளர் கூலியும் இதில் சேரவில்லை. சேமிப்பு என்று ஒரு காசும் இல்லை. அவர் கடன்படாமல் நிற்கும் எல்லைக்கோடு அது. அந்த 80 நாள் 50 நாளாகக் குறைந்தால் கோடு 10,000 ரூபாய்க்கு உயர்ந்துவிடும். போட்டிக்கு அஞ்சி அவர் 4,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டால் நாளொன்றுக்கு 2,250 ரூபாய் இழக்கிறார். 80 நாளில் 1,80,000 ரூபாய். முதல் ஆண்டு இது தெரியாது, ஏனெனில் கேமரா புதிதாக இருக்கும். ஐந்தாம் ஆண்டு கேமரா பழுதாகும்போதுதான், அவர் இதுவரை தின்றது தம் முதலையே என்பது தெரியவரும். நம் மாணவர் நம்மிடம் வந்தது அந்த ஐந்தாம் ஆண்டில்தான்.

"ஒரு நாள் வேலைக்கு 6,250 ரூபாயா?" எனலாம். அது ஒரு நாள் வேலையன்று. எட்டு மணி நேர விழாவில் ஏறத்தாழ 2,000 படங்கள் சேர்வதாகக் கொள்வோம். ஒன்றைப் பார்த்துத் தேர வேண்டுமா, தள்ள வேண்டுமா என்று முடிவு செய்யப் பத்து நொடி என்றாலும் ஐந்தரை மணி நேரம் ஆகும். தேர்ந்த 400 படங்களை ஒளியும் நிறமும் சீர்செய்யப் படத்துக்கு இரண்டு நிமிடம் என்றால் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். விழா மண்டபத்தில் நாம் காணும் எட்டு மணி நேரத்துக்குப் பின்னே, நாம் காணாத பத்தொன்பது மணி நேரம் இருக்கிறது.

இடர்களும் விலைக்குள் அடங்க வேண்டியவையே. 2015 டிசம்பர்ப் பெருமழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதை இப்பகுதியார் மறந்திருக்க முடியாது. கீழ்த்தளத்தில் குடியிருந்தோர் கருவிகளையும் இழந்தனர், பிறர் வீட்டு நினைவுகள் அடங்கிய வட்டுகளையும் இழந்தனர். படங்களை இரண்டு இடங்களில் சேமித்து வைத்தல் என்பது ஆடம்பரமன்று, அதற்கும் செலவுண்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மணவிழாக்கள் தள்ளிப்போனபோது, பெற்ற முன்பணத்தைத் திருப்புவதா, அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்வதா என்று வழக்குகள் எழுந்தன. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தோர் அமைதியாகத் தீர்த்துக்கொண்டனர். வாய்ச்சொல்லை நம்பியோர் உறவை இழந்தனர்.

படம் யாருக்கு உரியது?

விலையின் இன்னொரு கூறு உரிமை. இதனை நம் இளைஞர்கள் பெரும்பாலும் அறிந்திலர். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படத்தின் ஆசிரியர் அதனை எடுத்தவரே. ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒரு விலக்கைச் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், பொருள் பெற்றுக்கொண்டு எடுத்த ஒளிப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுப்பித்தவரே முதல் உரிமையாளர். ஆகவே அந்தக் கடைக்காரர் துண்டறிக்கைப் படத்தைப் பலகைக்கும் பயன்படுத்தியது மனவருத்தம் தருவதாயினும், எழுத்தில் மறுப்பு இல்லாத நிலையில் சட்டம் அவர் பக்கமே சாயும். 'துண்டறிக்கைக்கு இவ்வளவு, விளம்பரப் பலகைக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு மட்டும்' என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் பெற்றிருந்தால் நிலைமை வேறு.

1947இல் ராபர்ட் காப்பா, ஹென்றி கார்த்தியே-பிரசோன் முதலியோர் கூடி மேக்னம் என்னும் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்ததன் நோக்கங்களுள் தலையாயது, எடுத்த படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது. போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்தவர்களே உரிமைக்காக ஒன்றுகூட வேண்டியிருந்தது எனில், மண்டபத்தில் படமெடுப்பவர் எழுதிக்கொள்வதில் தவறென்ன?

இச்சட்டம் நம் துறைக்கும் ஒரு பாடம் சொல்கிறது. பொருள் பெறாமல் எடுத்துக்கொடுத்த படத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. உரிமை எடுத்தவரிடமே நிற்கும். முத்தமிழ் விழாப் படங்களை நாம் சுவரொட்டியிலும் அறிக்கையிலும் எடுத்தாண்டபோது அவரிடம் ஒரு சொல் கேட்கவில்லை, அவர் பெயரையும் அச்சிடவில்லை. பொன்னாடையால் போர்த்தியது அவர் தோளை மட்டுமன்று, நம் கடனையும்தான்.

மஹரும் கூலியும்

நம் சமுதாயத்தார்க்கு இங்கே தனியாகச் சில சொல்ல விழைகிறோம். உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரும் கடவுச்சீட்டுக்குப் படமெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. படம் வேண்டா என்று முடிவு செய்த வீட்டாரை நாம் மதிக்கிறோம். ஆனால் எடுப்பிப்பது என்று முடிவு செய்துவிட்ட வீட்டாருக்கு, கூலி கொடுப்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

நிக்காஹ் சபையை மனக்கண்ணில் கொண்டுவருவோம். மஹர் எவ்வளவு என்பது சபையறியச் சொல்லப்படுகிறது. தஃப்தர் என்னும் திருமணப் பதிவேட்டில் எழுதப்படுகிறது. சாட்சிகள் கையொப்பமிடுகின்றனர். இருமனம் கலக்கும் அந்த மங்கல வேளையில் தொகையைச் சொல்வதை ஒருவரும் அநாகரிகம் என்று கருதுவதில்லை. சொல்லாமல் விடுவதே குறை. அதே சபையில், நான்கடி தள்ளி, அந்தக் கையொப்பத்தைப் படமெடுத்துக்கொண்டிருக்கும் இளைஞரின் கூலி மட்டும் எவரும் சொல்லாத தொகையாக, எழுதாத தொகையாக இருக்கிறது. இது முரண் அன்றோ?

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில் விரிவாகக் கட்டளையிடுகிறது. அத்திருமறையின் மிக நீண்ட வசனமே அதுதான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மத்யன் நகரத்தில் மூஸா (அலை) அவர்கள் பணிக்கு அமர்ந்த வரலாற்றை அல்கஸஸ் அத்தியாயம் எடுத்துரைக்கிறது. எட்டு ஆண்டுப் பணி, விரும்பினால் பத்து ஆண்டு என்று காலமும் கைம்மாறும் முன்னதாகவே பேசி முடிக்கப்பட்ட ஒப்பந்தம் அது. இறைத்தூதரே முன்னதாகப் பேசிக்கொண்டு பணிசெய்திருக்க, நம் வீட்டுப் பிள்ளை பேசினால் மட்டும் 'காசாசை பிடித்தவன்' என்பதா? உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்குள் அவருடைய கூலியைக் கொடுத்துவிட வேண்டுமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை மேடைதோறும் பேசுகிறோம். ஆல்பம் வாங்கி ஆறு மாதம் கழித்தும் மீதித்தொகையை இழுத்தடிப்பவர் வீட்டிலும் அந்நபிமொழி சுவரில் தொங்குகிறது.

பெண்கள் பகுதியில் எடுக்கும் படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். அப்படங்கள் வெளியே போகக் கூடாது என்பது நம் வீட்டாரின் நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் ஒளிப்படக் கலைஞருக்குத் தம் படங்களைச் சமூக வலைத்தளங்களில் காட்டுவதே விளம்பரம். அதைக் கண்டுதான் அடுத்த வாடிக்கையாளர் வருவார். காட்டக் கூடாதென்றால் அவர் ஒரு வருவாய் வழியை விட்டுக்கொடுக்கிறார். அதனை வெளிப்படையாகப் பேசி, எழுதி, அதற்குரிய ஈட்டையும் கொடுத்தால் இருவர் மனமும் அமைதியுறும். நம் கல்லூரி மாணவியர் இத்துறையில் இறங்கினால் பெண்கள் பகுதியின் இக்குறை பெரிதும் நீங்கும். மகளிர் ஒளிப்படக் கலைஞரைத் தேடும் வீடுகள் நம்மில் குறைவல்ல. ஆனால் 'பெண்பிள்ளைதானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்' என்னும் பேச்சு அங்கேயும் நுழையக் கூடாது.

கலைஞர்களுக்குச் சில சொற்கள்

பிழை முழுவதும் வாடிக்கையாளரிடமே என்று சொல்வது நேர்மையாகாது. கலைஞர்களும் சிலவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மேற்சொன்ன கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துத் தம் எல்லைக்கோட்டை அறிந்துகொள்ளுதல். பக்கத்துத் தெருக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டு விலை வைப்பது, அவருடைய செருப்பை நாம் அணிவது போன்றது.

இரண்டாவது, வேலை தொடங்குமுன் விலைப்புள்ளி ஒன்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தல். எத்தனை மணி நேரம், எத்தனை படம், ஆல்பம் உண்டா, எந்நாளில் கொடுப்பது, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது, நிகழ்ச்சி தள்ளிப்போனால் என்ன செய்வது, படத்தை எங்கெங்குப் பயன்படுத்தலாம் என்பன ஒரு பக்கத்துக்குள் அடங்கும்.

மூன்றாவது, சொன்ன நாளில் சொன்னதைக் கொடுத்தல். முன்பணம் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் தொலைபேசியை எடுக்காதவர்களும் இத்தொழிலில் இருக்கிறார்கள். அளவில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. 400 படம் என்று சொல்லி 300 கொடுப்பதும் அளவில் குறைப்பதே.

நான்காவது, விலையைக் குறைக்க நேர்ந்தால் வேலையையும் அதற்கேற்பக் குறைத்தல். ஏழை வீட்டுத் திருமணத்துக்குக் குறைத்து எடுப்பது அறம்; இலவசமாக எடுப்பதும் அறம். ஆனால் அது கொடுப்பவர் விரும்பிச் செய்யும் ஸதக்காவாக இருக்க வேண்டும். வசதியுள்ளோர் பறித்துக்கொள்ளும் தள்ளுபடியாக இருக்கக் கூடாது. குறைத்த இடத்திலும் முழுத்தொகையை எழுதி, கழித்ததையும் எழுதுவது நலம். தாம் பெற்றது எவ்வளவு என்பது பெற்றவருக்கும் தெரிய வேண்டும்.

ஐந்தாவது, சட்டம் தரும் துணையை அறிந்துகொள்ளுதல். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, அவ்வாறு பதிவு பெற்ற குறு, சிறு தொழிலருக்குத் தர வேண்டிய தொகையை 45 நாளுக்கு மேல் நிறுத்திவைத்தல் ஆகாது. வைத்தால் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். நிறுவனங்களுக்குப் படமெடுத்துத் தருவோர்க்கு இது பெருந்துணை. ஆண்டு மொத்த வரவு 20 இலட்சம் ரூபாயைக் கடந்தால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

"இத்தனையும் கேட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவாரே" என்று அஞ்சுவோர் உண்டு. சிலர் ஓடத்தான் செய்வர். எழுதிக் கேட்டதற்காக ஓடுபவர், எழுதாமல் செய்தாலும் கடைசியில் கொடுக்கப்போவதில்லை. முன்னரே ஓடிவிடுவது இருவர்க்கும் நலம்.

நம் கடன்

அறிவுரையோடு நின்றுவிட்டால் இதுவும் ஒரு பொன்னாடையே ஆகிவிடும். ஆகவே இரண்டு செயல்களை இவ்வாண்டு துறையளவில் செய்திருக்கிறோம். முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் சேர்ந்து, ஒளிப்பட வேலைக்குரிய ஒப்பந்தப் படிவம் ஒன்றை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் வரைந்துள்ளனர். வழக்கறிஞர் ஒருவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். துறை அலுவலகத்தில் கேட்போர்க்கெல்லாம் அதன் படி கிடைக்கும். தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்போர்க்கு இதனையும் ஒரு விடையாகக் காட்டலாம்.

இரண்டாவது செயல் இம்மலரைப் பற்றியது. மலர்க்குழு கூடியபோது படங்களுக்கு நம் பழைய மாணவரையே அழைப்பதென முடிவாயிற்று. வழக்கம்போல் 'நம்ம பிள்ளைதானே' என்ற பேச்சும் எழுந்தது. அச்சகத்தாரிடம் விலைப்புள்ளி கேட்டது போலவே அவரிடமும் கேட்போம் என்றோம். அவர் எழுதிக் கொடுத்தார். தொகையைக் கண்டு புருவம் உயர்த்திய பெரியவர் ஒருவரிடம் மேலே கண்ட கணக்கை விளக்கினோம். அவர் சற்றுநேரம் தாளையே பார்த்திருந்துவிட்டு, "போன வருஷம் அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்தோம்?" என்று கேட்டார். நாம் விடை சொல்லவில்லை. அவரே கையொப்பமிட்டார். பாதித்தொகை முன்பணமாகவும், மீதி படங்களை ஒப்படைத்த அன்றைக்கும் கொடுக்கப்பட்டன. படங்களின் கீழ் அவர் பெயரும் அச்சாகிறது.

இதனால் அவர் துயர் முற்றும் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நாம் துணியோம். ஒரு மலரின் கூலியில் ஐந்தாண்டு இழப்பு நிரம்பாது. எழுத்தில் விலை சொல்லத் தொடங்கியபின் சில வேலைகள் கைநழுவின என்றும், கிடைத்தவை குறைவாயினும் கணக்கு நேராகிறது என்றும் அவர் சொன்னார். கேமராவை இன்னும் விற்கவில்லை. அவர் கேட்ட நன்னடத்தைச் சான்றிதழை மறுநாளே எழுதிவைத்தோம். அது இன்றளவும் நம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வாங்கிச்செல்ல அவர் வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்பது நம் விருப்பம்.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் எத்தொழில் செய்தாலும் உங்கள் உழைப்பின் விலையை நிமிர்ந்து நின்று பகருங்கள். சமுதாயப் பெரியோர்களே, அடுத்த நிக்காஹ்வின்போது மஹரை எழுதும் அதே பேனாவால் உங்கள் வீட்டுக்கு வந்து உழைப்பவரின் கூலியையும் எழுதிவிடுங்கள். அளவிலும் நிறையிலும் கூலியிலும் நேர்மை பேணும் நன்மக்களாக நம் அனைவரையும் ஆக்கியருள வல்ல இறைவனை இறைஞ்சுகிறோம். ஆமீன்.